ஒரே கமாண்ட், மூன்று வெர்ஷன்: ‘பைத்தான்3’ என்று அடித்தால் எது ஓடும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

நீலத்திரை:
வணக்கம். உபுண்டு 24.04 (லினக்ஸ்) இருக்கும் கணினி, எனக்கு முன் வேறொருவர் பயன்படுத்தியது, அவர் என்னென்ன இன்ஸ்டால் செய்தார் என்று கேட்க இப்போது வழியில்லை. பிரச்சினை இதுதான். டெர்மினலில் ‘பைத்தான்3 --வெர்ஷன்’ என்று அடித்தால் 3.11 என்று வருகிறது. அதே கமாண்டுக்கு முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது) போட்டால் 3.10. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் ஸ்கிரிப்ட் தன் வெர்ஷனை லாகில் எழுதுகிறது, அங்கே 3.12. மூன்றும் ஒரே கணினி, ஒரே பயனர் கணக்கு. மாட்யூல் சேர்க்க ‘சூடோ பிப்3 இன்ஸ்டால்’ போட்டால் நன்றாக இன்ஸ்டால் ஆனதாகச் சொல்கிறது, உடனே ஸ்கிரிப்டை ஓட்டினால் அந்த மாட்யூலே இல்லை என்கிறது. எனக்கு இரண்டு ப்ராஜெக்ட். பழையது டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை இறக்குமதி செய்கிறது, அது 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டதால் அங்கே ஓடாது. புதியதற்கு 3.12 வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்க முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேர்ப்பயனர்:
எதையும் அழிக்காதீர்கள், முக்கியமாக /யூஎஸ்ஆர்/பின்னில் இருக்கும் பைத்தான்3-ஐத் தொடவே தொடாதீர்கள். 24.04 உடன் வருவது 3.12, அது உங்களுக்காக வைத்தது இல்லை, இயங்குதளம் தன் வேலைக்காக வைத்திருப்பது. இணையத்தில் பல இடங்களில் ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் போட்டு பைத்தான்3-ஐ வேறு வெர்ஷனுக்குத் திருப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நம்பிச் செய்தவர்களுக்கு டெர்மினல் திறக்காமல் போயிருக்கிறது, ஏபிடி (உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜர்) அப்டேட் ‘ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை’ என்று நின்றிருக்கிறது. காரணம் எளிது. ஏபிடி_பிகேஜி என்பது சி++-இல் எழுதி, அந்த ஒரு பைத்தான் வெர்ஷனுக்கென்றே கம்பைல் செய்த மாட்யூல். லிங்க்கை வேறு பக்கம் திருப்பினால் புதிய பைத்தானுக்கு அதை ஏற்ற முடியாது.

முதலில் இதை மட்டும் ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்: ‘டைப் -ஏ பைத்தான்3’. ‘விச்’ வேண்டாம். பேஷ் ஷெல்லில் (நீங்கள் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் நிரல்) அது தனி ஸ்கிரிப்ட், உங்கள் ஷெல்லில் இருக்கும் ஏலியஸ், ஃபங்ஷன் எதுவும் அதற்குத் தெரியாது. டைப் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, அதனால் ஷெல் எதைப் பார்க்கிறதோ அதையே சொல்லும், -ஏ சேர்த்தால் பாத்தில் (கமாண்டைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) இருக்கும் எல்லாப் பிரதிகளையும் வரிசையாகக் காட்டும்.

நீலத்திரை:
வந்தது இது, வரிசை மாறாமல்:
வீட்டு டைரக்டரிக்குள் .பைஎன்வ்/ஷிம்ஸ்/பைத்தான்3
/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பைத்தான்3
/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3
/பின்/பைத்தான்3

நான்கா? மூன்று என்றுதானே நினைத்தேன்.

வேர்ப்பயனர்:
மூன்றுதான். /பின் இப்போது /யூஎஸ்ஆர்/பின்னுக்கே ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு), அதனால் கடைசி இரண்டும் ஒன்று. இந்தப் பட்டியலிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கமாண்டை அடித்ததும் ஷெல் பாத் மாறியில் இருக்கும் டைரக்டரிகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும், முதலில் கிடைத்ததை ஓட்டும், அதற்கு மேல் தேடாது. இனி உங்கள் மூன்று சூழலையும் தனித்தனியாகப் பாருங்கள்.

டெர்மினலில் .பேஷ்ஆர்சி (பேஷ் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) ஓடுகிறது, அதில் பைஎன்வ் (பைத்தான் வெர்ஷன் மேனேஜர்) தன் ஷிம்ஸ் டைரக்டரியை பாத்தின் முன்னால் செருகுகிறது. ஆகவே 3.11.

சூடோ உங்கள் பாத்தை எடுத்துக்கொள்வதில்லை. சூடோயர்ஸ் ஃபைலில் செக்யூர்_பாத் என்று ஒரு வரி இருக்கும், உபுண்டுவில் அதில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால், /யூஎஸ்ஆர்/பின் பின்னால். ஆகவே யாரோ லோக்கலில் வைத்துப்போன 3.10.

கிரான் .பேஷ்ஆர்சியைப் படிப்பதே இல்லை. பயனரின் கிரான்டேபில் பாத் எழுதாவிட்டால் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே. ஆகவே இயங்குதளத்தின் 3.12.

மூன்று பிரதி இருப்பது தவறே இல்லை, என் கணினியில் அதைவிட அதிகம் இருக்கிறது. எதை ஓட்டுவது என்று முடிவு செய்யும் இடம் உங்களிடம் மூன்றாகச் சிதறிக் கிடக்கிறது, சிக்கல் அங்கேதான். அதை ஒன்றாக்க வேண்டும்.

ஷெல்நேசன்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. பிப் விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் பேரைச் சுற்றலில் விடுவது. பிப்3 என்பது ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ‘ஹெட் -1 /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பிப்3’ என்று போட்டுப் பாருங்கள். முதல் வரியில் #! போட்டு, எந்த பைத்தான் அதை ஓட்ட வேண்டும் என்று முழுப் பாதையும் எழுதியிருக்கும். உங்கள் விஷயத்தில் அது லோக்கலின் 3.10 ஆகத்தான் இருக்கும். சூடோ போட்டதால் அந்த பிப்3 ஓடியது, மாட்யூலை 3.10-இன் சைட்-பேக்கேஜஸில் (இன்ஸ்டால் ஆன மாட்யூல்கள் இருக்கும் டைரக்டரி) வைத்தது. ஸ்கிரிப்டை ஓட்டியது 3.11. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

இன்னொன்றும் கவனித்தீர்களா? இயங்குதளத்தின் 3.12-இல் அதே வேலையைச் செய்திருந்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று தடுத்திருக்கும். பெப் 668 (பைத்தானின் ஒரு விதி ஆவணம்) வந்த பிறகு டெபியன் 12-இலும் உபுண்டு 23.04 முதலும் அந்தத் தடுப்பு இருக்கிறது. கையால் கம்பைல் செய்து லோக்கலில் வைத்த பைத்தானுக்கு அந்தக் காவல் கிடையாது, அதனால் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

பழக்கத்தை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: தனியாக பிப் என்று அடிக்கவே வேண்டாம். ‘பைத்தான்3.11 -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எந்த பைத்தான் என்பதைப் பெயரோடு சொல்லி அடியுங்கள். அப்போது எந்தப் பிரதிக்குள் போகிறது என்ற கேள்வியே எழாது.

நீலத்திரை:
புரிகிறது, நன்றி. லோக்கலில் இருப்பது எப்படி பைத்தான்3 என்ற பொதுப் பெயரையே பிடித்துக்கொண்டது? அதை மட்டும் எடுத்துவிடலாமா?

வேர்ப்பயனர்:
சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து ‘மேக் இன்ஸ்டால்’ போட்டால் பைத்தான்3.10-உம் வரும், பைத்தான்3 என்று ஒரு சிம்லிங்க்கும் வரும், கூடவே பிப்3, பைடாக்3 எல்லாம். ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ போட்டிருந்தால் வெர்ஷன் எண் உள்ள பெயர்கள் மட்டும் வந்திருக்கும், பொதுப் பெயரைத் தொடாது. இரண்டாவது பிரதியாகக் கம்பைல் செய்பவர்கள் எல்லோரும் ஆல்ட்இன்ஸ்டால்தான் போட வேண்டும், பைத்தானின் ஆவணத்திலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது.

எடுக்கலாம், ஆனால் பொதுப் பெயரை மட்டும். பைத்தான்3.10 அப்படியே இருக்கட்டும், பழைய ப்ராஜெக்ட்டுக்கு அதுதான் உங்களுக்கு உதவும். எடுப்பதற்கு முன் ஒரு வேலை: அந்த லிங்க்கை நம்பி ஏதாவது வென்வ் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) இருக்கிறதா என்று பாருங்கள். வென்வ் என்பது பைத்தானின் முழு நகல் கிடையாது. அதன் பின் டைரக்டரிக்குள் இருக்கும் பைத்தான் எங்கிருந்து உருவாக்கப்பட்டதோ அங்கே போகும் ஒரு சிம்லிங்க். மூலத்தை எடுத்தால் இது தொங்கிப் போகும். ஒவ்வொரு வென்வ் டைரக்டரியிலும் பைவென்வ்.சிஎஃப்ஜி என்று சின்ன ஃபைல் இருக்கும், திறந்து பாருங்கள், ‘ஹோம் =’ என்ற வரியில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்று இருந்தால் அது இந்த 3.10-ஐச் சார்ந்தது. வீட்டு டைரக்டரி முழுவதும் ‘ஃபைண்ட்’ போட்டு இந்த ஃபைல் பெயரைத் தேடினால் எல்லா வென்வும் ஒரே தடவையில் அகப்படும். கிரான்டேப், சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை ஓட்டுவது) யூனிட் ஃபைல்களையும் ‘கிரெப்’ போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இருதளம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், விண்டோஸிலும் மேக்கிலும் இதே தொல்லையோடு யாராவது இந்த இழைக்கு வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

விண்டோஸில் பைத்தானுக்கென்று ‘பை’ என்று ஒரு லாஞ்சர் வருகிறது. ‘பை -0பி’ என்றால் இன்ஸ்டால் ஆன எல்லாப் பிரதிகளும் அவற்றின் பாதையோடு வரும், ‘பை -3.11’ என்றால் அதையே ஓட்டும், பாத்தில் எது முன்னால் என்ற கவலை வேண்டாம். பவர்ஷெல்லில் ‘வேர் பைத்தான்’ என்று அடித்து ஒன்றும் வரவில்லை என்று திகைக்காதீர்கள், அங்கே வேர் என்பது வேறொரு கமாண்டின் ஏலியஸ், ‘வேர்.இஎக்ஸ்இ’ என்று முழுதாக அடிக்க வேண்டும். சிஸ்டம் பாத் எப்போதும் பயனர் பாத்துக்கு முன்னால் சேர்க்கப்படுகிறது, அதனால் உங்கள் பயனர் பாத்தில் எவ்வளவு மேலே ஏற்றினாலும் சிஸ்டம் பாத்தில் இருப்பதே வெல்லும்.

மேக்கில், லாகின் ஷெல் தொடங்கும்போது பாத்_ஹெல்பர் என்று ஒன்று ஓடி சிஸ்டம் டைரக்டரிகளை முன்னால் கொண்டுவந்துவிடும். சாதாரண டெர்மினலில் சரியாக இருந்தது டிமக்ஸுக்குள் (டெர்மினலைப் பல பேன்களாகப் பிரிக்கும் நிரல்) போனதும் வேறு வெர்ஷன் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், டிமக்ஸ் ஒவ்வொரு பேனிலும் லாகின் ஷெல்லையே திறக்கிறது.

மேவன்பாடு:
ஜாவாக்காரர்களுக்கு இது இன்னும் ஒரு படி மேலே போகும், ஏனென்றால் இங்கே பாத் ஒரு பக்கம் முடிவு செய்யும், ஜாவா_ஹோம் இன்னொரு பக்கம் முடிவு செய்யும். நீங்கள் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸில் ஜாவாவை 21-க்கு மாற்றியிருப்பீர்கள், ‘ஜாவா -வெர்ஷன்’ 21 என்று சொல்லும், மேவன் (ஜாவா ப்ராஜெக்ட்டை பில்ட் செய்யும் கருவி) மட்டும் 17-இலேயே கம்பைல் செய்துகொண்டிருக்கும். மேவன் ஜாவா_ஹோமைத்தான் முதலில் பார்க்கிறது. ‘எம்விஎன் -வி’ என்று அடித்தால் அது எந்த ஜாவாவை எடுத்துக்கொண்டது என்று பாதையோடு சொல்லும், கேள்வி கேட்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

ஆல்டர்நேட்டிவ்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாவும் ஜாவாக்கும் (ஜாவா கம்பைலர்) அங்கே இரண்டு தனித்தனி பதிவுகள். ஜாவாக்கை 21-இல் வைத்து ஜாவாவை 17-இல் விட்டால் கம்பைல் ஆகும், ஓட்டும்போது ‘கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65.0, நான் 61.0 வரைதான் அறிவேன்’ என்கிற பிழை வரும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் 17, எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் போதும். டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-ஜாவா-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்று தனிக் கமாண்ட் உண்டு, அது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றும்.

ஷெல்நேசன்:
நீலத்திரை, லோக்கலைச் சரி செய்த பின் நீண்ட காலத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தீர்களா? என் கருத்து, பைஎன்வை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மீஸுக்கு (பல மொழிகளுக்குமான வெர்ஷன் மேனேஜர்) மாறுங்கள். ப்ராஜெக்ட் டைரக்டரியில் .பைத்தான்-வெர்ஷன் என்று ஒரு ஃபைல், அதில் வெர்ஷன் எண், அவ்வளவுதான். பைஎன்வ் முதலில் பைஎன்வ்_வெர்ஷன் மாறியைப் பார்க்கும், அது இல்லாவிட்டால் இருக்கும் டைரக்டரியிலிருந்து மேல்நோக்கி அந்த ஃபைலைத் தேடும், அதுவும் இல்லாவிட்டால் குளோபல். எந்த நேரத்திலும் ‘பைஎன்வ் வெர்ஷன்’ என்று கேட்டால் வெர்ஷனோடு அதை எந்த ஃபைல் நிர்ணயித்தது என்றும் சொல்லும். நான் இதை விரும்புவதற்குக் காரணமே அந்தப் பதில்தான். முடிவு ஃபைலில் எழுத்தாக இருக்கிறது, கிட்டில் போகிறது, அடுத்து வருபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வேர்ப்பயனர்:
எழுதி வைப்பதில் நான் முழுக்க உடன்படுகிறேன், ஷிம் விஷயத்தில் இல்லை. ஷிம் என்பது இடையில் நிற்கும் ஒரு ஸ்கிரிப்ட். நீங்கள் பைத்தான் என்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடி, ஃபைலைத் தேடி, அப்புறம் உண்மையான பைத்தானைக் கூப்பிடும். டெர்மினலில் தெரியாது, சுழலுக்குள் பைத்தானை நூற்றுக்கணக்கில் கூப்பிடும் ஷெல் ஸ்கிரிப்டில் தெரியும். ‘விச்’ கேட்டால் ஷிம்மின் பாதையைக் காட்டும், உண்மைப் பாதைக்கு ‘பைஎன்வ் விச்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். சர்வரில் நான் எந்த வெர்ஷன் மேனேஜரையும் விடுவதில்லை. அங்கே வென்வ், அதன் முழுப் பாதை, வேறெதுவும் இல்லை.

ஷெல்நேசன்:
சர்வருக்கு நீங்கள் சொல்வது சரி. எழுதும் கணினியில் நிலைமை வேறு. இன்று பைத்தான், நாளை நோட், அதற்கு அடுத்து கோ. ஒவ்வொன்றுக்கும் தனி மேனேஜர் வைத்தால் .பேஷ்ஆர்சியே பொறுக்க முடியாததாகிவிடும், என்விஎம் (நோட்டின் வெர்ஷன் மேனேஜர்) ஒன்று போதும் புது டெர்மினல் திறப்பது மந்தமாக. அது தனி நிரல் இல்லை, ஷெல் ஃபங்ஷன், அதனால் ஒவ்வொரு ஷெல்லிலும் முழுதாக ஏற்றப்படுகிறது, சூடோவுக்குள்ளும் கிரானுக்குள்ளும் அது இல்லாததற்கும் அதுவே காரணம். மீஸ் ஷிம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. டைரக்டரி மாறும்போது பாத்தையே மாற்றி எழுதுகிறது, ஆக ‘விச்’ உண்மைப் பாதையையே காட்டும், நீங்கள் சொன்ன இடைத்தரகர் இல்லை. இன்னொரு வெர்ஷன் மேனேஜரான ஏஎஸ்டிஎஃப்பின் .டூல்-வெர்ஷன்ஸ் ஃபைலையும் அது படிக்கும்.

ரஸ்ட்டைப் பாருங்கள், அதன் வெர்ஷன் மேனேஜர் ரஸ்ட்அப்பும் இடையில் நிற்கும் ப்ராக்ஸிதான், யாரும் குறை சொல்வதில்லை. ‘கார்கோ +நைட்லி பில்ட்’ என்றால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் வேறு பிரதி, மற்றபடி ரஸ்ட்-டூல்செயின்.டோமல் சொல்வதுதான். கோ 1.21 முதல் கோ.மாட் ஃபைலில் எந்த வெர்ஷன் வேண்டும் என்று எழுதினால் கோ தானே இறக்கிக்கொள்கிறது. எல்லா மொழியும் இந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது.

வேர்ப்பயனர்:
ரஸ்ட்அப்பை யாரும் குறை சொல்லாததற்குக் காரணம், பெரும்பாலான கணினிகளில் இயங்குதளம் தன் வேலைக்கு ரஸ்ட்டை நம்பி இருப்பதில்லை. பைத்தானில் இருக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டால்தான் நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன். மீஸ் பாத்தை மாற்றுவது எனக்கும் பிடிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் ப்ராம்ப்ட் வரும் ஷெல்லில்தான் நடக்கும். எஸ்எஸ்எச் வழியாக ஒற்றைக் கமாண்ட் அனுப்பினால் டெபியனின் .பேஷ்ஆர்சி முதல் சில வரிகளிலேயே ‘இது இன்டராக்டிவ் ஷெல் இல்லை’ என்று பார்த்துத் திரும்பிவிடுகிறது, கீழே எழுதியது எதுவும் ஓடாது. தெரியாதவர் அங்கே நாள் முழுக்கத் தேடுவார்.

நீலத்திரை:
செய்து பார்த்துவிட்டேன். வென்வ் தேடியதில் ஒன்றின் சிஎஃப்ஜியில் லோக்கல் பாதை இருந்தது, உள்ளே பார்த்தால் சிம்லிங்க் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பைத்தான்3-க்கே போயிருந்தது, எண் இல்லாமல். ‘பிப் ஃப்ரீஸ்’ எடுத்து வைத்துக்கொண்டு ‘பைத்தான்3.10 -எம் வென்வ்’ என்று புதிதாக உருவாக்கி அதில் மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பிறகு லோக்கலிலிருந்து பைத்தான்3, பிப்3 பெயர்களை மட்டும் எடுத்தேன். சூடோவில் இப்போது 3.12 வருகிறது. ஆனால் திறந்தே இருந்த ரூட் ஷெல் ஒன்றில் மட்டும் பைத்தான்3 என்று அடித்தால் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பைத்தான்3: அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. /யூஎஸ்ஆர்/பின்னில் இருக்கிறதே, அதைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதானே?

ஷெல்நேசன்:
‘ஹாஷ் -ஆர்’ என்று அடியுங்கள், போய்விடும். பேஷ் ஒரு கமாண்டை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி பாத்தைத் துழாவாது. அந்த ஷெல்லில் நீங்கள் முன்பு பைத்தான்3 ஓட்டியிருக்கிறீர்கள், அந்த நினைவுதான் இது. இசட்எஸ்எச் என்ற ஷெல்லில் ‘ரீஹாஷ்’. புது ஷெல் திறந்தாலும் சரியாகிவிடும்.

நீலத்திரை:
சரியாகிவிட்டது. கடைசியாகக் கிரான். அதில் வென்வை எப்படி ஆக்டிவேட் செய்வது? ‘சோர்ஸ்’ எழுதினால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று லாகில் வருகிறது.

வேர்ப்பயனர்:
கிரான் /பின்/எஸ்எச்சை ஓட்டுகிறது, உபுண்டுவில் அது டேஷ், அதில் சோர்ஸ் கிடையாது, புள்ளி மட்டும்தான். ஆனால் ஆக்டிவேட்டே தேவையில்லை. ஆக்டிவேட் செய்வது முக்கியமாக பாத்தில் அந்த வென்வின் பின் டைரக்டரியை முன்னால் போடுவது. அதற்குப் பதிலாகக் கிரான் வரியிலேயே ப்ராஜெக்ட்டின் .வென்வ்/பின்/பைத்தான் என்று முழுப் பாதையையும் எழுதி, அடுத்து ஸ்கிரிப்டின் முழுப் பாதையை எழுதுங்கள். அந்த பைத்தான் தொடங்கும்போது ஒரு படி மேல் டைரக்டரியில் இருக்கும் பைவென்வ்.சிஎஃப்ஜியைத் தானே பார்த்து, தன் சைட்-பேக்கேஜஸ் எது என்று தெரிந்துகொள்ளும். சிஸ்டம்டியின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியிலும் இதே முறைதான். சந்தேகம் இருந்தால் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சிஸ்.எக்ஸெக்யூட்டபிளை லாகில் எழுத வையுங்கள், எந்தப் பிரதி ஓடியது என்று அதுவே சொல்லிவிடும்.

இருதளம்:
நீலத்திரை, ஒரு கேள்வி. பழைய ப்ராஜெக்ட் 3.10-இல் நிற்பது டிஸ்ட்யூட்டில்ஸுக்காக மட்டும்தானா? அப்படியென்றால் 3.12-இல் ஒரு வென்வ் போட்டு அதில் செட்அப்டூல்ஸை இன்ஸ்டால் செய்து பாருங்கள். 3.12 முதல் புது வென்வில் செட்அப்டூல்ஸ் தானாக வருவதில்லை, நாம்தான் போட வேண்டும். அது டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு நகலைத் தன்னோடு கொண்டுவருகிறது, பழைய இறக்குமதி வரி அப்படியே ஓட வாய்ப்பு உண்டு. 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபரோடு முடிகின்றன, அதற்குள் மாறிவிடுவது நல்லது.

நீலத்திரை:
போட்டுப் பார்த்தேன், இறக்குமதி வரியைத் தாண்டிவிட்டது! டெஸ்டுகளில் சில விழுகின்றன, அவை டிஸ்ட்யூட்டில்ஸால் வந்தவை இல்லை, 3.12-இல் எடுக்கப்பட்ட வேறொரு மாட்யூல், இம்ப். இம்ப்போர்ட்லிப்பை வைத்து மாற்றி எழுத வேண்டும், அதுவரை 3.10 வென்வ் இருக்கட்டும். இரண்டு ப்ராஜெக்ட்டிலும் .பைத்தான்-வெர்ஷன் ஃபைலைக் கிட்டில் சேர்த்துவிட்டேன், பைஎன்வில் குளோபலை ‘சிஸ்டம்’ என்று வைத்துவிட்டேன், கிரான் வரிகளில் முழுப் பாதை. சூடோவோடு பிப் ஓட்டுவதை நிறுத்தியாயிற்று. லோக்கலின் 3.10-க்குள் அப்படிப் போன பேக்கேஜுகள் இன்னும் கிடக்கின்றன, ‘பைத்தான்3.10 -எம் பிப் லிஸ்ட்’ எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.